புது ஜீப்பில் ஸ்டியரிங் பம்ப் முனகுகிறதா? வாசகர் கேள்வி - பதில்

ஜீப் ரக வண்டி வாங்கியவர்கள் ஸ்டியரிங் சத்தம் பற்றி அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். கேள்விகளில் வண்டியின் பெயர்களை எடுத்துவிட்டோம். ஹைட்ராலிக் பம்ப் எந்த வண்டியில் இருந்தாலும் ஓடும் விதமும் கெடும் விதமும் ஒன்றுதான்.

டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கி மூன்று மாதம் ஆகிறது, 2,800 கி.மீ. ஓடியிருக்கிறது. ஐடிலில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் 'ஊஊய்ய்' என்று முனகுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சத்தமும் கூடவே ஏறுகிறது. சர்வீஸ் சென்டரில் "இந்த மாடலுக்கு இது சகஜம்" என்கிறார்கள். உண்மையா?
- தேனி வாசகர்

பாதி உண்மை. ஹைட்ராலிக் பம்ப் சத்தமே இல்லாமல் ஓடாது. ஆனால் எது இயல்பான சத்தம், எது கோளாறின் சத்தம் என்று பிரித்துச் சொல்லாமல் 'சகஜம்' என்று அனுப்பி வைத்தால், அந்த ஒரு சொல்லிலேயே உங்கள் வாரண்டி காலம் கழிந்துவிடும்.

பம்புக்குள் நடப்பதை முதலில் பார்ப்போம். இன்ஜின் பெல்ட் ஒரு ரோட்டரைச் சுழற்றுகிறது. ரோட்டரில் வெட்டிய பள்ளங்களில், பெரும்பாலும் பத்து, மெல்லிய எஃகுத் தகடுகள் இருக்கும். சுழலும்போது இவை வெளியே தள்ளப்பட்டு, முட்டை வடிவ வளையத்தின் உள்சுவரை உரசிக்கொண்டே ஆயிலைத் தள்ளும். ஸ்டியரிங் நேராக இருக்கும்போது அழுத்தம் மிகக் குறைவு. நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்பினால் பல மடங்கு ஏறும். கடைசி வரை திருப்பி அங்கேயே பிடித்தால், வண்டியைப் பொறுத்து 80 முதல் 120 பார் வரை போய், மிஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு திறக்கும்.

அந்தக் கடைசி நிலையில் வரும் 'உஸ்ஸ்' சத்தம் வால்வு வழியாக ஆயில் பீறிடும் சத்தம். அது இயல்பு, ஐந்து நொடிக்கு மேல் அப்படியே பிடித்திருக்காதீர்கள், அவ்வளவுதான். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி உறுமி அடங்குவதும் இயல்பு. ஜன்னலை இறக்கிவிட்டு பார்க்கிங்கில் திருப்பும்போது லேசாக 'ம்ம்' என்று கேட்பதையும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஸ்டியரிங்கைத் தொடாமலே முனகல் வருவது, அது இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்குவது, கால் மணி நேரம் ஓட்டிச் சூடான பிறகும் அடங்காதது, வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போவது: இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் அது கோளாறு.

புது வண்டியில் பம்ப் தேய்ந்திருக்க வாய்ப்பு குறைவு. அனேகமாக ஆயிலில் காற்று கலந்திருக்கும். இளநீர் தீரும் நேரத்தில் ஸ்ட்ராவில் காற்றும் சேர்ந்து ஏறினால் கொரகொர என்று வருமே, அதேதான். பம்புக்குள் நுழையும் குமிழி, அழுத்தம் ஏறும் பக்கத்தில் நொறுங்கும்போது எழும் ஓசைதான் அந்த ஊளை. நொடிக்கு நூற்றுக்கணக்கில் நொறுங்குவதால் ஒரே இழுவையாகக் கேட்கிறது.

காற்று எப்படிப் புகுந்தது என்பதில்தான் பல மெக்கானிக்குகள் ஏமாறுகிறார்கள். "லீக்கே இல்லையே சார்" என்பார்கள். ஸ்டியரிங் ஆயில் ஊற்றும் டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் தடித்த ஹோஸில் இன்ஜின் ஓடும்போது இருப்பது உறிஞ்சும் இழுப்பு. அங்கே கிளாம்ப் லூஸாக இருந்தால் ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். கீழே ஒரு சொட்டு கூட இருக்காது. எனவே இந்த வரிசையில் பாருங்கள்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜின் குளிர்ந்த பிறகு டப்பாவின் அளவைப் பாருங்கள். குளிர்ந்த நிலைக்கு ஒரு கோடு, சூடான நிலைக்கு ஒரு கோடு இருக்கும். குளிர்ந்த ஆயில் சூட்டுக் கோட்டில் நின்றால் அதிகம் ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல ஆயில் கண்ணாடி போல உள்ளே தெரியும். நுரை மிதந்தாலோ, நிறம் வெளிறி மங்கலாக இருந்தாலோ காற்று கலந்திருக்கிறது.

அடுத்து, இன்ஜின் ஐடிலில் ஓடும்போது அளவைக் குறித்துக்கொண்டு, நிறுத்தியதும் மறுபடி பாருங்கள். அளவு 5 மில்லிமீட்டருக்கு மேல் ஏறினால் உள்ளே காற்று இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது அழுத்தத்தில் சுருங்கியிருந்த காற்று, நின்றதும் விரிந்து ஆயிலை மேலே தள்ளுகிறது. காசு செலவில்லாத சோதனை. ஒரு நிமிட வேலை.

கடைசியாக, தடித்த ஹோஸின் இரு முனைகளிலும் உள்ள கிளாம்ப். குழாயின் முனையில் ஒரு மேடான வளையம் இருக்கும். கிளாம்ப் அதைத் தாண்டி உட்காந்திருக்க வேண்டும். மேட்டின் மீதே ஏறி நின்றால் பார்வைக்கு இறுக்கமாகத் தெரியும், காற்றை அடைக்காது. புது வண்டியில் இது நடப்பதுண்டு. சந்தேகமாக இருந்தால் இன்ஜின் ஐடிலில் ஓடும்போது அந்த மூட்டைச் சுற்றிக் கொஞ்சம் கெட்டியான கிரீஸ் தடவுங்கள். சத்தம் மாறினால் இடம் கண்டுபிடித்தாகிவிட்டது. பம்பில் ஹோஸ் நுழையும் மூக்குக்குள் ஒரு ஓ-ரிங் இருக்கும்; அது மடங்கி உட்கார்ந்திருந்தாலும் இதே கதை. மிகச் சிறிய ரப்பர் வளையம்தான். அதைப் பார்க்காமல் முழு பம்பையும் மாற்றிவிட்டு, சத்தம் அப்படியே இருக்கிறதே என்று விழிப்பது அடிக்கடி நடக்கிறது.

பெல்ட் பக்கம் கை வைக்கும் முன் வேட்டி, துண்டு, துப்பட்டா, தொங்கும் ஐ.டி. கார்டு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள்.

காற்றை எடுப்பது என்கிறார்களே, பிரேக் மாதிரி நிப்பிள் திறந்து எடுக்க வேண்டுமா? வீட்டிலேயே செய்யலாமா?
- சேலம் வாசகர்

பெரும்பாலான வண்டிகளில் நிப்பிள் கிடையாது. ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பித்தான் காற்றை டப்பா வழியாக வெளியே ஏற்ற வேண்டும். பொறுமை இருந்தால் வீட்டில் செய்யலாம். வண்டி வாரண்டியில் இருந்தால் மட்டும், முதலில் புகாரைப் பதிவு செய்துவிட்டுத் தொடுங்கள்.

முன் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பும்படி ஜாக்கி போட்டு, கட்டாயம் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஸ்டியரிங்கை ஆட்டக் கூடாது. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வண்டிக்கு உரிய ஆயில் அரை லிட்டராவது கையில் இருக்கட்டும்.

டப்பாவில் குளிர்க் கோடு வரை ஊற்றி மூடியைத் திறந்தே வைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். 15 முதல் 20 முறை. ஒருவர் திருப்ப, இன்னொருவர் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குமிழிகள் மேலே வரும், அளவு இறங்கும். இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருங்கள். சாவி போடாமல் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் என்பதால் சாவி 'ஆன்' நிலையில் இருக்கட்டும்.

இன்ஜின் ஓடாமல் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பம்ப் சுற்றினால் பெரிய குமிழிகளை அடித்து நுரையாக்கிவிடும். பெரிய குமிழி நொடியில் மேலே வந்துவிடும். நுரை அடங்க நெடுநேரம் ஆகும். முதலிலேயே ஸ்டார்ட் செய்து வலதும் இடதுமாக வேகமாக ஒடிப்பவர்கள் இந்த வேலையைத்தான் தங்களுக்கே கூட்டிக்கொள்கிறார்கள்.

குமிழி வருவது நின்றதும் ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நொடியில் நிறுத்துங்கள். அளவைச் சரி செய்யுங்கள். பிறகு ஐடிலில் ஓடவிட்டு, கோடியைத் தொடாமல், இரு பக்கமும் நிதானமாகச் சில முறை திருப்புங்கள். நுரை தெரிந்தால் நிறுத்தி, அரை மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி. சக்கரத்தைத் தரையில் இறக்கி, மேலே சொன்ன 5 மில்லிமீட்டர் சோதனையோடு முடியுங்கள்.

இப்படியும் அடங்காவிட்டால் வேக்குவம் பம்ப் வைத்து எடுக்க வேண்டும். டப்பா மூடிக்குப் பதில் ரப்பர் அடைப்பான் பொருத்தி, சுமார் 20 அங்குலப் பாதரச அளவுக்கு வேக்குவம் இழுத்து ஐந்து நிமிடம் பிடித்தால், சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் ராக்கின் மூலைகளில் ஒட்டியிருக்கும் காற்றும் வந்துவிடும். சர்வீஸ் சென்டரில் இதைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். வேக்குவம் நிற்காமல் இறங்கிக்கொண்டே வந்தால் எங்கோ காற்று புகுகிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை வாரண்டியில் பம்ப் மாற்றிவிட்டார்கள். ஒரு வாரம் அமைதி, பிறகு பழையபடி ஊளை. மூன்றாவது பம்ப் போடலாம் என்கிறார்கள். போடச் சொல்லட்டுமா?
- கோவை வாசகர்

வேண்டாம். இரண்டு புது பம்ப் ஒரே மாதிரி முனகினால் காரணம் பம்புக்கு வெளியே இருக்கிறது. மூன்றாவதைப் போடும் முன் கீழே உள்ளவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் டப்பா. பல வண்டிகளில் டப்பாவின் அடியில் மெல்லிய வலை ஃபில்டர் நிரந்தரமாக ஒட்டியிருக்கும். கழற்றிக் கழுவ முடியாது. முதல் பம்ப் தேய்ந்து உதிர்த்த உலோகத் தூள் அந்த வலையில் போய் உட்காரும். புது பம்ப் அடைபட்ட வலை வழியாக உறிஞ்சத் திணறும். ஒரு வாரத்தில் ஊளை ஆரம்பிக்கும். பம்ப் மாற்றினால் டப்பாவும் மாற்ற வேண்டும், ஆயிலையும் முழுதாக வெளியேற்ற வேண்டும். பழைய டப்பாவில் இருந்ததையே திருப்பி ஊற்றினால், பழைய பம்பின் தூளையே புது பம்புக்குக் கொடுக்கிறோம்.

ஆயில் வெளியேற்றும் முறை இது: டப்பாவுக்குத் திரும்பி வரும் மெல்லிய ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, டப்பாவின் அந்தத் துவாரத்தை அடைத்துவிட வேண்டும். முன் சக்கரம் எழும்பிய நிலையில் ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, இன்னொருவர் டப்பாவில் புது ஆயிலை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டிலுக்குப் புது ஆயிலின் நிறம் வரும் வரை செய்தால் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் பிடிக்கும். நடுவில் டப்பா காலியாகிவிட்டால் மறுபடி காற்றுதான்.

இரண்டாவது, புல்லி மாட்டிய விதம். பல பம்புகளில் புல்லி ஷாஃப்டின் மீது இறுக்கமாக அழுத்தி ஏற்றப்படுவது. அதற்கென்று இழுக்கும் கருவியும் ஏற்றும் கருவியும் உண்டு. சுத்தியலால் தட்டி ஏற்றினால் ஒவ்வொரு தட்டும் ஷாஃப்ட் வழியாக ரோட்டரையும் பக்கத் தகட்டையும் போய் அடிக்கும். கவர் பிரிக்காத புது பம்ப், வண்டியில் ஏறும் முன்பே காயம்பட்டுவிடுகிறது. மாற்றும்போது அருகில் நின்று பாருங்கள். சுத்தியல் கையில் வந்தால் தடுங்கள்.

மூன்றாவது, அழுத்த ஹோஸ். பம்பிலிருந்து ஸ்டியரிங் ராக்குக்குப் போகும் இந்த ஹோஸ் வெறும் ரப்பர் குழாய் இல்லை. ஒவ்வொரு தகடும் ஆயிலைத் தள்ளும்போது ஒரு துடிப்பு எழும். அதை அடக்குவதற்காகப் பல வண்டிகளில் இந்த ஹோஸுக்குள்ளேயே ஒரு சுருள் குழாய் பொருத்தியிருப்பார்கள். நீளம் சரியாக இருக்கிறதே என்று வேறு ஹோஸ் போட்டாலோ, சேஸிஸில் அதைப் பிடிக்கும் ரப்பர் கிளிப் விட்டுப்போய் இரும்பு இரும்போடு உரசினாலோ, துடிப்பு அப்படியே கேபினுக்குள் வரும். பம்பில் எந்தக் குறையும் இருக்காது, காதில் மட்டும் ஊளை கேட்கும். பானட்டைத் திறந்து வைத்தால் சத்தம் குறைவு, கேபினுக்குள் அதிகம் என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது அந்த ஹோஸைக் கையுறை போட்ட கையால் மெல்ல நகர்த்திப் பாருங்கள். சத்தத்தின் தன்மை மாறினால் கிளிப் சமாசாரம்.

நான்காவது, சத்தம் உண்மையில் பம்பிலிருந்துதான் வருகிறதா? ஆல்டர்னேட்டர் பேரிங்கும், பெல்ட்டை இறுக்கும் ஐட்லர் பேரிங்கும் இதே மாதிரி ஊளையிடும். கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். பம்பின் சத்தம், ரோட்டர் நொடிக்குச் சுற்றும் எண்ணிக்கையைத் தகடுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வரும் அலைவரிசையில் இருக்கும். உதாரணமாக, கிராங்க் புல்லி 150 மி.மீ., பம்ப் புல்லி 130 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் 800 ஆர்.பி.எம்.மில் ஓடினால் பம்ப் சுமார் 923 சுற்று, நொடிக்கு 15.4. பத்துத் தகடு என்றால் 154 ஹெர்ட்ஸ். இன்ஜின் 2,000 ஆர்.பி.எம். என்றால் 385 ஹெர்ட்ஸ். செல்போனில் இலவசமாகக் கிடைக்கும் ஒலி அலைவரிசை ஆப் ஒன்றை ஓடவிட்டு, அந்த இடத்தில் கூர்முனை நிற்கிறதா, ஆர்.பி.எம். ஏற்றினால் கூடவே நகர்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் பம்பின் மீது பழி போட வேண்டியதில்லை.

ஊட்டியில் இருக்கிறேன். டிசம்பர், ஜனவரி காலையில் ஸ்டார்ட் செய்தால் ஐந்து நிமிடம் பம்ப் கத்துகிறது. மேட்டுப்பாளையம் இறங்கினால் சத்தமே இல்லை. மெக்கானிக் வண்டியைக் கீழே கொண்டு வந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார்.
- உதகை வாசகர்

கீழே பார்த்தால் ஒன்றும் தெரியாதுதான். உங்கள் ஊரில் இரண்டு விஷயம் சேர்ந்து வேலை செய்கிறது. ஒன்று குளிர்: பூஜ்யத்தை ஒட்டிய காலைப் பொழுதில் ஆயில், வெயில் நேரத்தில் இருப்பதை விடப் பல மடங்கு கெட்டியாக இருக்கும். இன்னொன்று உயரம். பம்ப் உறிஞ்சுகிறது என்று சொல்கிறோமே தவிர, டப்பாவிலிருந்து ஆயிலை பம்புக்குள் தள்ளுவது வெளிக் காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் அது 101 கிலோபாஸ்கல். 2,240 மீட்டர் உயரத்தில் சுமார் 77. கெட்டி ஆயில், தள்ளும் கை பலவீனம். பம்பின் வாயில் ஆயில் போதாமல் வெற்றிடக் குமிழி உருவாகிக் கத்துகிறது.

ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் விட்டுவிடலாம். ஐந்து நிமிடம் என்றால் டப்பா ஃபில்டர் கொஞ்சம் அடைத்திருக்கிறது, அல்லது தடித்த ஹோஸ் எங்கோ மடங்கியோ உள்ளே உரிந்தோ இருக்கிறது. வெயிலில் இந்தக் குறை மறைந்துவிடும். இரவு முழுக்க வண்டியை ஊட்டியிலேயே நிறுத்தி, காலை முதல் ஸ்டார்ட்டில் மெக்கானிக் பார்க்க வேண்டும். அதுவரை, ஸ்டார்ட் ஆனதும் ஆக்ஸிலரேட்டரை முறுக்காமல், ஸ்டியரிங்கை ஒடிக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். குமிழி நொறுங்கும் ஒவ்வொரு முறையும் வளையத்தின் சுவரில் சின்னச் சின்னக் குழி விழுகிறது. அந்தத் தேய்மானத்தைச் சரிசெய்ய முடியாது.

ஆயில் குறைந்திருந்தது. கடையில் இருந்த ஏதோ ஒரு ஸ்டியரிங் ஆயிலை ஊற்றிவிட்டேன். பரவாயில்லையா? அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊற்றலாமா?
- நாகர்கோவில் வாசகர்

பிரேக் ஆயில் ஒருபோதும் கூடாது. சாதாரண பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. ஸ்டியரிங்கின் சீல்கள் எண்ணெய்க்கென்று செய்தவை. ஊறி உப்பி, வழுவழுத்துப் போகும். பம்ப், ராக், ஹோஸ் என்று எல்லா ரப்பரும் போய்விடும். தெரியாமல் ஊற்றிவிட்டால் ஸ்டார்ட் செய்யாமல் அப்படியே கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

'ஏதோ ஒரு ஆயில்' என்பதற்கு பதில் டப்பாவின் மூடியில் இருக்கிறது. சிவப்பு நிற ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), அதாவது டெக்ஸ்ரான் வகை, ஒரு குடும்பம். பச்சை நிற சிந்தெடிக் ஹைட்ராலிக் ஆயில், சி.எச்.எஃப். 11எஸ் போன்றவை, வேறு குடும்பம். கடுங்குளிரிலும் இளகியே இருக்கும். இரண்டையும் கலந்தால் நுரை அடங்கும் தன்மை கெடும், முனகல் கூடும். நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது, சாயத்தை எந்தக் கம்பெனியும் எப்படியும் போடலாம். மூடியிலும் கையேட்டிலும் எழுதியிருக்கும் வகைப் பெயர் பாட்டிலின் பின் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேலே சொன்னபடி இரண்டு லிட்டர் விட்டு மாற்றிவிடுங்கள். இன்னொன்று: சீல் செய்த அமைப்பில் ஆயில் தானாகக் குறையாது. குறைந்தால் எங்கோ போகிறது. ராக்கின் இரு முனையிலும் உள்ள ரப்பர் உறையை அழுத்திப் பாருங்கள், உள்ளே சளக்கென்றால் ராக் சீல் போயிருக்கிறது.

கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குல மட் டயர் போட்டேன். அன்றிலிருந்து ஸ்டியரிங் சத்தம். டயருக்கும் பம்புக்கும் என்ன சம்பந்தம்?
- ஓசூர் வாசகர்

நேரடியான சம்பந்தம். அகல டயர், வெளியே தள்ளி நிற்கும் வீல் இரண்டும் சேர்ந்தால், நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்பத் தேவையான விசை கணிசமாக ஏறும். கம்பெனி டயரில் எப்போதாவது ரிலீஃப் அழுத்தத்தைத் தொட்ட பம்ப், இப்போது ஒவ்வொரு பார்க்கிங்கிலும் தொடுகிறது. அந்த வேலை முழுவதும் ஆயிலில் சூடாக மாறும். சூடான ஆயில் நீர்த்துப் போய் தகடுகளின் ஓரமாகக் கசியும், அழுத்தம் குறையும், சத்தம் கூடும்.

டப்பாவுக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸில் ஒரு சிறிய ஆயில் கூலர் வைப்பது நல்ல பலன் தரும். ரேடியேட்டருக்கு முன் காற்று படும் இடத்தில் பொருத்துங்கள். அழுத்த ஹோஸில் ஒருபோதும் வைக்கக் கூடாது, வெடித்துவிடும். இணைப்புக்கு ஆயிலுக்கென்று செய்த ஹோஸ்தான் வேண்டும். ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸ் சில மாதத்தில் ஊறிப்போகும்.

டயர் எங்காவது உரசுகிறதா, ஸ்டியரிங் கோடிக்குப் போகும் முன் டயர் சேஸிஸில் முட்டுகிறதா என்றும் பாருங்கள். முட்டினால் வால்வு திறக்கும் நேரம் கூடும். கூடிய மட்டும் வண்டி ஒரு அடியாவது உருளும்போது திருப்பும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பம்பின் பாரம் வெகுவாகக் குறைந்துவிடும். இந்த மாற்றத்தைச் செய்துவிட்டு பம்ப் வாரண்டி கேட்டால் மறுக்கப்படலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வாரக் கடைசியில் பாலைவனத்தில் ஓட்டுகிறோம். டயரில் 15 பி.எஸ்.ஐ. வைத்து மணல் மேடு ஏறி இறங்கினால் அரை மணியில் பம்ப் அலறுகிறது. பக்கவாட்டுச் சரிவில் இன்னும் மோசம்.
- ஷார்ஜா வாசகர்

காற்று குறைத்த டயர் மணலில் அகலப் பதிவதால் ஸ்டியரிங் பாரம் ஏறுகிறது. 45 டிகிரி வெயிலில் கூலருக்கும் காற்று சூடாகத்தான் வருகிறது. இவை ஒரு பக்கம். பக்கவாட்டுச் சரிவில் மட்டும் கூடுதலாக அலறுவது வேறு செய்தி சொல்கிறது: டப்பாவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் வாய் வெளியே வந்துவிடுகிறது. பாலைவனம் போகும் முன் அளவு கோட்டின் மேல் விளிம்பில் இருக்கிறதா என்று பாருங்கள். கோட்டுக்கு மேல் ஊற்றாதீர்கள். சூட்டில் விரிந்து மூடியின் காற்றுத் துளை வழியாக வழிந்து பெல்ட்டின் மீது கொட்டும், அது தனிச் சத்தம்.

ஓய்வுக்கு நிறுத்தும்போது இன்ஃப்ரா ரெட் வெப்பமானி இருந்தால் டப்பாவில் காட்டிப் பாருங்கள். 100 டிகிரியைத் தொடர்ந்து தாண்டுகிறது என்றால் கூலர் அவசியம். அலற ஆரம்பித்ததும் சமதரைக்கு வந்து, இன்ஜினை நிறுத்தி ஆறவிடுங்கள். ஆயில் இல்லாமல் உலர்ந்து ஓடும் பம்புக்கு ஆயுள் சில நிமிடம்தான்.

எஸ்டேட் பாதையில் ஓடைகளைக் கடந்து போகிறேன். தண்ணீரிலிருந்து ஏறியதும் 'கீச்ச்' என்று கத்துகிறது. பம்பா, பெல்ட்டா?
- வால்பாறை வாசகர்

பெல்ட். பம்ப் ஊளையிடும், பெல்ட் கீச்சிடும். ஈரம் காய்ந்ததும் நின்றால் பயமில்லை. சேறு பெல்ட்டின் பள்ளங்களில் காய்ந்து ஒட்டியிருந்தால் சாதாரணத் தண்ணீரைக் குறைந்த அழுத்தத்தில் விட்டுக் கழுவுங்கள். சோப்பு, பவுடர், பெல்ட் ஸ்பிரே எதுவும் வேண்டாம். இரண்டு நாள் அடங்கி, தூசியை ஒட்டவைத்து மோசமாக்கும்.

காய்ந்த பிறகும் கீச்சிட்டால் ஒரு சோதனை. ஐடிலில் ஓடும்போது பாட்டில் ஸ்பிரேயால் பெல்ட்டின் பள்ளம் உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். சத்தம் நின்று சில நொடியில் திரும்பினால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை. சத்தம் உடனே கூடினால் பெல்ட் இறுக்கம் போதவில்லை, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பாருங்கள். முழங்கால் ஆழத்துக்கு மேல் போய் வந்தால் டப்பாவையும் திறந்து பாருங்கள். ஆயில் பால் கலந்தது போல் வெளிறியிருந்து, ஒரு இரவு நின்ற பிறகும் தெளியவில்லை என்றால் அது காற்று இல்லை, தண்ணீர். முழுதும் மாற்ற வேண்டும்.

என் வண்டியில் ஸ்டியரிங் ஆயில் டப்பாவே காணோம். ஆனாலும் திருப்பும்போது சன்னமாக ரீங்காரம் கேட்கிறது.
- மதுரை வாசகர்

ஜிம்னி, தார் ராக்ஸ் போன்ற வண்டிகளில் இருப்பது மின் மோட்டார் ஸ்டியரிங். பம்பும் கிடையாது, ஆயிலும் கிடையாது. சன்னமான ரீங்காரம் மோட்டாருடையது, இயல்பு. 'டக் டக்' என்றால் ஸ்டியரிங் தண்டின் யூனிவர்சல் ஜாயின்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு: 2018 மாடலில் தொடங்கிய தலைமுறை ராங்ளரில் பம்ப் இருக்கிறது, ஆனால் அதைச் சுழற்றுவது பெல்ட் இல்லை, மின் மோட்டார். அதில் இன்ஜின் ஆர்.பி.எம்.மோடு சத்தம் ஏறாது. திருப்பும் வேகத்தைப் பொறுத்து ஏறும். அப்படிப்பட்ட வண்டிக்குப் பெல்ட் சோதனைகள் பொருந்தாது.

சர்வீஸ் சென்டரில் நாம் போகும் நேரத்தில் சத்தம் வருவதில்லை. புகாரை எப்படிப் பதிவு செய்வது?
- திருநெல்வேலி வாசகர்

ஜாப் கார்டில் 'ஸ்டியரிங் சத்தம்' என்று இரண்டு சொல்லில் எழுத விடாதீர்கள். "காலை முதல் ஸ்டார்ட்டில், ஐடிலில், ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே முனகல், 1,500 ஆர்.பி.எம்.மில் கூடுகிறது, பத்து நிமிடத்தில் குறைகிறது, நிற்பதில்லை" என்று எப்போது, எந்த நிலையில், எவ்வளவு நேரம் என்பது தெரியும்படி உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். ஆர்.பி.எம். மீட்டரும் கையும் தெரியும்படி ஒரு வீடியோ, பானட் திறந்த நிலையில் டப்பாவின் நுரையோடு இன்னொரு வீடியோ எடுத்து வையுங்கள். முதல் நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டு, காலையில் நீங்கள் வந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அங்கேயே அதே மாடல் வேறு வண்டி நின்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே ஆர்.பி.எம்.மில் ஓடவிட்டுக் கேட்கலாம். 'சகஜம்' என்ற பதில் நிற்குமா நிற்காதா என்று சர்வீஸ் அட்வைசருக்கும் அப்போது தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் எந்தப் பாகம் மாற்றினார்கள், எத்தனை லிட்டர் ஆயில், எந்த வகை, வேக்குவம் வைத்து எடுத்தார்களா என்று பில்லில் இருக்க வேண்டும். ஒன்றும் மாற்றவில்லை என்றாலும் 'பரிசோதிக்கப்பட்டது' என்ற ஜாப் கார்டின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டி முடிந்த பிறகு அதே சத்தம் பெரிதானால், முன்பே சொன்னோம் என்பதற்கு அந்தத் தேதிதான் சாட்சி.